வரைந்து தரப்படும்

என் முதல் விசிட்டிங் கார்டில் என் பெயர் கிடையாது. "திருமண அழைப்பிதழ் ஓவியங்கள் சிறந்த முறையில் வரைந்து தரப்படும்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு கைபேசி எண், ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. அவ்வளவுதான். யார் வரைவார்கள், யார் தருவார்கள் என்று அந்தக் கார்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. கடலூர் முழுக்க அதைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தத் "தரப்படும்" எனக்கு வேலையில் ஒட்டிக்கொண்ட வியாதி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருடம் சிதம்பரத்தில் ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு செய்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் நோட்டீஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அந்த ஊரில் எல்லாமே தரப்படும். பிளவுஸ் தைத்துத் தரப்படும். ஃபிரிட்ஜ் பழுது பார்த்துத் தரப்படும். ஜாதகம் கணித்துத் தரப்படும். வீடுகூடக் கட்டித் தரப்படும். செய்கிற ஆள் மட்டும் எங்கேயும் இருக்க மாட்டார். "நான் நன்றாகத் தைப்பேன், என்னிடம் கொடுங்கள்" என்று ஒருத்தராவது எழுதிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் நானே அதைத் திருத்தி, தைத்துத் தரப்படும் என்று போட்டிருப்பேன்.

வீட்டிலும் அதே இலக்கணம்தான். என் அம்மாவுக்கு ஆகவே ஆகாத ஒரு விஷயம் பீத்தல். எட்டாவது படிக்கும்போது ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு வந்து எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அம்மா உள்ளே கூப்பிட்டுத் தொடையில் கிள்ளினார். "அடுத்தவங்க சொன்னா அதுக்குப் பேரு பாராட்டு. நீயே சொன்னா பீத்தல். பீத்திக்காத." அன்றைக்கிலிருந்து யார் என் படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாலும் "சும்மா கிறுக்கினதுங்க" என்று சொல்லப் பழகினேன். இருபத்தைந்து வருடம் சொன்னால் எதுவும் பழகிவிடும்.

கல்யாணமாகி கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தேன். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வந்துகொண்டிருந்தேன். இடுப்பு வலி ஜாஸ்தியான பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வரைய உட்கார்ந்தேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவர்கள் ஊரோடு சேர்த்து வரைவேன். பெண்ணாடம் மாப்பிள்ளை என்றால் பின்னால் கரும்பு லாரி நிற்கும். காட்டுமன்னார்கோயில் பெண் என்றால் வீராணம் ஏரிக்கரை வரும். பத்திரிகையைப் பிரித்ததும் சொந்தக்காரர்கள் சிரிக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

கார்டு கொடுத்த மூன்றாம் நாள் முதல் அழைப்பு வந்தது. ஆண் குரல்.

"கடைங்களா?"

"ஆமாங்க."

"ஓனர் இருக்காங்களா?"

அந்த இடத்தில் "நான்தாங்க" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். வாய் வரவில்லை. என்னை நானே ஓனர் என்று சொல்லிக்கொள்வதா? அம்மா கிள்ளிய இடம் வலித்தது. "மேடம் வெளிய போயிருக்காங்க. விஷயத்த சொல்லுங்க, வந்ததும் சொல்லிடறேன்" என்றேன். அப்போது என் கையில் பாதி நறுக்கிய முருங்கைக்காய் இருந்தது.

அப்படிப் பிறந்தவர்தான் எங்கள் மேடம்.

மேடம் சீக்கிரமே வளர்ந்துவிட்டார். மேடம் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டார். மேடத்துக்கு ரோஜாப்பூ பார்டர் பிடிக்காது. மேடம் இரண்டு தடவைக்கு மேல் திருத்தம் செய்ய மாட்டார். "நான் கேட்டுப் பாக்கறங்க, ஆனா மேடம் ஒத்துக்க மாட்டாங்க" என்று நான் வருத்தத்தோடு சொல்லும்போது எதிர்முனையில் ஒரு மரியாதை வரும். அதே விஷயத்தை நானாகச் சொல்லியிருந்தால், "என்னாம்மா, ஒரு படத்துக்கு இவ்ளோ பிகு பண்றே" என்றிருப்பார்கள்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. மேடத்தைப் பற்றி என்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேச முடிந்தது. "மேடம் மாதிரி இந்த ஜில்லாவுலயே யாரும் வரைய மாட்டாங்க. முகத்த ஒரு வாட்டி பாத்தா போதும், அப்படியே கொண்டுவந்துடுவாங்க" என்று கூசாமல் அளந்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "எங்கள் மேடத்தின் புதிய கைவண்ணம்" என்று எழுதி என் படத்தைப் போட்டேன். யாராவது இதயம் அனுப்பினால் "மேடத்திடம் சொல்லிவிடுகிறேன்" என்று பதில் போட்டேன். தன்னைத்தானே விளம்பரம் செய்துகொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்பு வரும். நான் செய்யாத விளம்பரமா? ஆளை மட்டும் மாற்றிவிட்டேன்.

கணவருக்கு இது பெரிய பொழுதுபோக்கு. ஷிப்ட் முடிந்து வந்ததும், "மேடம் இருக்காங்களா? இன்னைக்கு சாம்பாரா, காரக்குழம்பான்னு கேட்டுச் சொல்லும்மா" என்பார். எனக்கு அன்றைக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்துச் சிரிப்பேன், அல்லது கரண்டியைத் தூக்குவேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஆனால் வலிக்க ஆரம்பித்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பெண்ணின் அம்மா, மகள் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டார். ஏரிக்கரையில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் ஒரு சின்னப் பெண்ணைப் பின்னணியில் வரைந்திருந்தேன். மகள் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனாளாம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "உங்க மேடத்த நான் கும்பிட்டேன்னு சொல்லு. நீ கொடுத்து வெச்சவ, அவுங்ககிட்ட வேலை பாக்கறே. கூடவே இருந்து நல்லா கத்துக்கம்மா."

"சரிங்கம்மா" என்றேன். டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வரும் வரை எனக்கு அந்த மேடத்தின் மேல் அப்படி ஒரு கோபம். இல்லாத பொம்பளை, என் கும்பிடை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து வடலூரிலிருந்து ஒருத்தர் பேசினார். "ஒரு மாடல் அனுப்பறேன். இது யாரோ மெட்ராஸ்காரங்க வரைஞ்சதாம். இந்த அளவுக்கு வருமான்னு உங்க மேடத்த கேளுங்க" என்றார். படம் வந்தது. நான் வரைந்தது. எத்தனை போன் சுற்றி வந்ததோ, ஓரமெல்லாம் மங்கிப்போய் என்னிடமே திரும்பி வந்திருந்தது, வேறு யாருடையதாகவோ. "மேடம் முயற்சி பண்றேன்னு சொல்றாங்க" என்று பதில் சொன்னேன். வேறென்ன சொல்வது?

இந்த நிலையில்தான் சிதம்பரத்துப் பாத்திரக்கடைக்காரர் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். பரங்கிப்பேட்டை பாய், அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்கிறார். வருஷக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டர் பற்றிப் பேசினார்.

"சாமி படம் போட்டா சில பேருக்கு ஆகும், சில பேருக்கு ஆகாது. எங்க கடைக்கு எல்லாருந்தான் வர்றாங்க. பன்னண்டு மாசத்துக்கும் நம்ம ஊருங்களயே போட்டுடலாம்னு பாக்கறேன். கடலூரு, சிதம்பரம், நடுவுல உள்ளதுங்க. சொந்தக்காரர் ஊட்டுப் பத்திரிகையில உங்க படத்த பாத்தேன். மாதிரிக்கு ஒண்ணு வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க உங்க மேடத்த."

கல்யாணம் முடிந்த மறுநாள் பத்திரிகை பழைய பேப்பருக்குப் போகும். காலண்டர் ஒரு வருடம் சுவரில் தொங்கும். காஸ் சிலிண்டர் வந்த தேதியை எழுதுவார்கள், பால் கணக்கை எழுதுவார்கள், தினமும் ஒரு தடவையாவது பார்ப்பார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதுகூட நான் எதையும் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஜனவரிக்காக சில்வர் பீச்சில் காணும் பொங்கல் கூட்டத்தை வரைந்து அனுப்பினேன்.

அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "வருஷம் பூரா எங்க கடை பேர்ல தொங்கப்போற விஷயம். வரையறவங்கள நேர்ல பாத்துப் பேசாம கொடுக்க மாட்டேன். மேடத்த ஒரு நடை வரச் சொல்லுங்க."

முதல் வாரம் மேடம் ஊரில் இல்லை என்றேன். அடுத்த வாரம் மேடத்துக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டு, "உடம்பு எப்படி இருக்கு அவுங்களுக்கு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இன்னும் தள்ளினால் மேடத்தைச் சாகடிக்க வேண்டியதுதான். நானே போய் மேடம் என்று நிற்கவும் முடியாது. மூன்று வாரமாகப் பேசிய குரல் இது, வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

அதனால் அண்ணியைப் பிடித்தேன். அண்ணி என்றால் கணவரின் அக்கா. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் சிதம்பரம் வருவதற்குள் பாலிசி பேசி முடித்துவிடுவார். கூச்சம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடமா? நானா? பட்டுப் புடவை கட்டட்டுமா, காட்டனே போதுமா?"

"காட்டன் போதும் அண்ணி."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவருக்குப் பாடம் எடுத்தேன். எந்தக் கருவியில் வரைகிறோம், எந்த அளவில் அச்சுக்குத் தர வேண்டும், நிறம் அச்சில் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பாதியில் கை காட்டி நிறுத்தினார். "எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத, அது போதும்."

கடைக்குள் நுழைந்ததும் காது அடைத்தது. ஒரு மூலையில் ஒரு பெண் உட்கார்ந்து, சின்ன மெஷினால் டம்ளர், குண்டான், தாம்பாளம் என்று ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் போர்டு: "இங்கு வாங்கும் பாத்திரங்களில் பெயர் இலவசமாக வெட்டித் தரப்படும்." தரப்படும்! இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் எழுந்து நின்று அண்ணியை வரவேற்றார். எனக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அண்ணி பிரமாதமாகப் பேசினார். தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓவியத்தில் நாட்டம் என்றார். தன் குழு பெரியது என்றார். "இந்தப் பொண்ணு நம்மகிட்டதான் வேலை பாக்குது. கொஞ்சம் மெதுவு, ஆனா நல்ல பொண்ணு" என்று என்னைக் காட்டினார். மெதுவா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

கடைக்காரர் ஜனவரி படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார். அதை மேஜையில் விரித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மேடம். இந்தம்மா கரையில நிக்கிறாங்க. கையில ரெண்டு ஜோடி செருப்பு வெச்சிருக்காங்க. ஒண்ணு அவுங்களுது. இன்னொண்ணு யாருது?"

அண்ணி ஒரு கணம் குனிந்து பார்த்தார். நான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், செருப்பைச் சொல்லவில்லை.

"ஓ, அதுவா? அது கை தவறி விழுந்திருக்கும். எடுத்துடலாம், ஒரு நிமிஷ வேலை" என்ற அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஊட்டுக்குப் போனதும் அந்தச் செருப்ப எடுத்துடு."

"அத எடுக்கக் கூடாது" என்றேன்.

குரல் பெரிதாகவே வந்துவிட்டது. கடையில் தட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அண்ணி என் முழங்கையை அழுத்தினார். என்னால் நிறுத்த முடியவில்லை.

"அது தப்பா விழல. அது எங்க அம்மா. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் சிதம்பரத்துலேந்து பஸ் ஏறி சில்வர் பீச்சுக்கு வருவோம். அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா தண்ணிக்குள்ள போயிடுவாரு. அம்மா ரெண்டு ஜோடி செருப்பயும் கையில புடிச்சிக்கிட்டுக் கரையிலயே நிப்பாங்க. கீழ வெச்சா காணாமப் போயிடும்னு பயம். அத்தன வருஷத்துல ஒரு வாட்டிகூட அவுங்க கால நனைச்சு நான் பாத்ததில்ல. அதான் ரெண்டு ஜோடி. அப்பா தண்ணிக்குள்ள இருக்காரு, படத்துக்கு வெளிய. எல்லாம் நான் வரைஞ்சது. நான்தான் வரைஞ்சேன்."

கடைக்காரர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

"அப்ப மேடம்னு ஒருத்தர் இல்லியா?"

"இல்ல பாய்."

"காய்ச்சல்னு சொன்னீங்களே?"

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன்.

"நான் அவுங்களுக்காக துஆ செஞ்சேன்மா" என்றார் அவர். "எங்க ஊட்லயும் செய்யச் சொன்னேன்."

இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன தண்டனை வேண்டும்? அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். "யோசிச்சு சொல்றேன். வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ பெரிய பொய் சொல்றவங்கள நம்பி எப்படிக் கொடுக்கறதுன்னு தெரியல." குரலை உயர்த்தவேயில்லை.

அண்ணி ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு வெறுங்கையோடு வெளியேறக் கால் வரவில்லை. அவமானத்தில் மூளை எப்படியெல்லாம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளரை எடுத்தேன், காசைக் கொடுத்தேன். பில் போட்டவர் டம்ளரைத் தானாகவே பெயர் வெட்டும் பெண்ணிடம் தள்ளிவிட்டார். அது அந்தக் கடை வழக்கம்.

"என்னா பேரு?" என்றார் அந்தப் பெண் நிமிராமல்.

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. பாதியில் அப்பா பெயர் இருக்கும். அம்மாவின் சீரில் வந்தவற்றில் தாத்தா பெயர் இருக்கும். மீதியில் மொய்யாகக் கொடுத்தவர்கள் பெயர் இருக்கும், ஊரோடு சேர்த்து. அதையெல்லாம் யாரும் பீத்தல் என்று சொன்னதில்லை. விசேஷ வீட்டுக்கு இரவல் போன குண்டான் வீடு திரும்ப வேண்டுமே, அதற்காகத்தான் பெயர். அம்மா ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்த்து, பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பெயர் இல்லாத பாத்திரம் போன இடத்திலேயே தங்கிவிடும். வடலூர்க்காரர் அனுப்பிய என் படம் மெட்ராஸ்காரர் வீட்டில் தங்கிவிட்டதே, அந்த மாதிரி.

"என்னா பேரும்மா? இனிஷியல் உண்டா?"

"இனிஷியல் வேணாம்" என்றேன். என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை, அரை நிமிடத்தில் வெட்டி, ஊதிவிட்டு, கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை அண்ணி பேசவில்லை. பிறகு, "நான் நல்லாத்தான் பேசிட்டிருந்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "செருப்பு விஷயத்த முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார். அதற்கும் பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் உன்ன மெதுவுன்னு சொன்னது சும்மாத்தான்" என்றார். நான் மடியில் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் போன் வரவில்லை. வராது என்று தெரிந்துவிட்டது. சும்மா இருந்தால் வேலை போனது போனதுதான். கூப்பிட வேண்டும், நானே கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். "தங்களுக்குத் திருப்தியான முறையில் வரைந்து தரப்படும்" என்றுதான் பேனா ஓடியது. கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்தேன். நோட்டை மூடிவிட்டு, காலை பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரி மாவு அரைக்கும் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்காத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"பாய், நான்தான் பேசறேன். படம் வரையறவ."

"மேடம் உடம்பு பரவால்லயா?" என்றார். கிண்டலா, கோபமா என்று தெரியவில்லை.

"மேடம் இல்ல பாய். நான் பொய் சொன்னது தப்பு. உங்க ஊட்லயும் சொல்லிடுங்க, மன்னிச்சுக்கச் சொல்லி. ஓனருன்னு சொல்லிக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு ஆரம்பிச்சது, அப்பறம் நிறுத்தத் தெரியல." மூச்சை இழுத்துக்கொண்டேன். "ஆனா நான் நல்லா வரைவேன் பாய். இந்த ரெண்டு ஊரும் எனக்குத் தெரியும். வேற யாருகிட்ட கொடுத்தாலும் கோபுரத்த வரைஞ்சு கொடுத்துடுவாங்க. கோபுர வாசல்ல பூ விக்கிற அம்மா எந்தக் கையால தண்ணி தெளிப்பாங்கன்னு வரைய மாட்டாங்க. நான் வரைவேன். பன்னண்டு மாசமும் உங்க காலண்டர கிழிக்க மனசு வராது யாருக்கும்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. பீத்தல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வார்த்தை பொய் இல்லை. மேடத்தைப் பற்றி நான் அளந்ததில் பாதி பொய், அப்போது காது சூடாகவில்லை.

"எந்தக் கையாலம்மா தெளிப்பாங்க?" என்றார் அவர்.

"இடது கையால. வலது கை பூ கட்டிக்கிட்டே இருக்கும்."

அவர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வந்த சிரிப்பு. சரி, ஆரம்பியுங்கள் என்றார். போனை வைக்கப்போனவரை நான் நிறுத்தினேன்.

"இன்னொண்ணு பாய். ஒவ்வொரு படத்துலயும் கீழ என் பேரு இருக்கும்."

இதைக் கேட்கப்போகிறேன் என்று கூப்பிடும்போது எனக்கே தெரியாது. வேலை கைக்கு வந்த நிமிடத்தில் அதைக் கெடுத்துக்கொள்கிறோமோ என்று தோன்றியது.

"பேரு போடறதுக்கு நம்ம கடையில என்னிக்கும் ஃப்ரீதாம்மா" என்றார்.

காலண்டர் மார்கழியில் வந்தது. இப்போது என் புதுக் கார்டில் "நான் அழைப்பிதழ்களுக்கு ஓவியம் வரைகிறேன்" என்று இருக்கிறது, மேலே என் பெயர் இருக்கிறது. கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் அது மேடத்தை விடப் பெரிய பொய். ஒவ்வொரு ஸ்டேட்டஸ் போடும்போதும் அம்மாவின் விரல் தொடைக்கு வரும். வரட்டும் என்று போட்டுவிடுகிறேன். "ஓனர் இருக்காங்களா?" என்று கேட்டால் ஒரு வினாடி தாமதமாகத்தான் "நான்தாங்க" வருகிறது. ஆனால் வருகிறது.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு அம்மாவிடம் போனேன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார், யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்று. மேடம் கதையைச் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் காலண்டரை அவர் கையில் கொடுத்தேன். பீத்திக்காதே என்று சொல்வார், சொல்லட்டும், இந்தத் தடவை பதில் சொல்லிவிடுவது என்று தயாராக நின்றேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜனவரியைப் பார்த்தார். முதலில் மூலையில் இருந்த என் பெயரைப் பார்த்தார். அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார், ஏதோ புதுப் பெயர் போல. பிறகு கரையில் நிற்கும் பெண்ணைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

"அப்பா எங்க?"

"தண்ணிக்குள்ள."

"அதான பாத்தேன்" என்றார். விரலால் அந்தச் செருப்புகளைத் தொட்டார். அவருக்கு அழுகை வருகிறதோ என்று நான் கிட்டப் போனேன். அழவில்லை. முகத்தில் கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

"பேரு போட்டதுதான் போட்டே. எம்பேரயும் போட்டிருக்கலாம் இல்ல."

அந்த வீட்டில் அலமாரி நிறையப் பாத்திரம் இருக்கிறது. அப்பா பெயர், தாத்தா பெயர், மொய் வைத்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. அம்மா பெயர் வெட்டிய டம்ளர் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது அந்த நிமிடம் வரை தெரியாது.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எங்கே எழுதட்டும் என்று கேட்டேன்.

"செருப்புகிட்ட" என்றார் அம்மா. "கொஞ்சம் பெரிசா எழுது."